அப்பத்தாவின் பீரோவும் அரக்குப் பட்டும்: திருத்துவதா, வெட்டுவதா, புதுசு வாங்குவதா?

போன ஆண்டு தேவகோட்டைப் பக்கத்தில் இருந்த அப்பத்தா வீடு கைமாறியது. பங்கு பிரித்ததில் அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து வந்தவை மூன்று: ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு தேக்கு பீரோ, பிரம்பு அறுந்த ஒரு சாய்வு நாற்காலி, அரக்குக் கலரில் ஒரு காஞ்சிபுரம் பட்டு. மூன்றும் ஒரே குட்டி யானையில் மதுரைக்கு வந்து இறங்கின. வண்டிக்காரர் பீரோவைப் பார்த்தார், எங்கள் அடுக்குமாடி லிஃப்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "பீரோவுக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சுடு, வின்டேஜ் லுக் வந்துடும்" என்றாள் அக்கா. "புடவையை வெட்டிப் பிள்ளைக்குப் பாவாடை தைச்சுப் போடு" என்றார் அத்தை. "இதுக்கு ஆகுற செலவுக்கு இதே மாதிரி புதுசே வாங்கிடலாமே" என்றார் என் வீட்டுக்காரர். கேட்க மூன்றுமே நியாயமாகத்தான் இருந்தது. ஆறு மாதம் விசாரித்து, அலைந்து, நடுவில் ஒரு தப்பும் செய்த பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: மரத்துக்குச் சொல்லும் யோசனை பட்டுக்குப் பொருந்தாது. நல்ல தேக்கை இன்னும் பத்து வருஷம் மூலையில் போட்டு வைத்தாலும் அதே தேக்காக இருக்கும். இழைத்தால் உள்ளே இன்னும் மரம் இருக்கிறது. பட்டு, தொடாமல் மடித்து வைத்தாலே மடிப்பில் இற்றுக்கொண்டிருக்கும். அதனால் பீரோவுக்கு நிதானமாக யோசிக்கலாம், புடவைக்கு அந்த வசதி கிடையாது. நான் செய்தது நேர்மாறு. பீரோவுக்கு உடனே ஆசாரியைக் கூப்பிட்டேன், புடவையை "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

முதலில் பீரோ. பழுது பார்த்துப் பாலிஷ் போடலாம். பெயின்ட் அடித்தோ அறுத்தோ வேறு ஒன்றாக்கலாம். விற்றுவிட்டுப் பழைய பாணியில் புதுசு வாங்கலாம். இதில் எதற்குமே மரத்தின் நிலைமை தெரிய வேண்டும். எங்கள் பக்கம் எந்தப் பழைய சாமானைத் தொட்டாலும் "பர்மா தேக்கு" என்பார்கள். நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் தேக்கு வந்தது உண்மை. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களே அதற்குச் சாட்சி. அதற்காக ஊரிலுள்ள பீரோவெல்லாம் பர்மாவாகிவிடாது. கேரளத்து நிலம்பூர்த் தேக்கும் பழசு, பெயர் பெற்றதுதான்.

தெரிந்தவர் மூலம் வந்த ஆசாரிக்கு எழுபது வயதிருக்கும். எந்த நாட்டுத் தேக்கு என்பதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. இழுப்பறையை உருவித் தலைகீழாகத் திருப்பினார். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையை விரலால் தடவினார். புறா வாலை விரித்தது போல வெட்டிக் கோத்திருந்தது; ஓர் ஆணி இல்லை. பல்லுக்குப் பல் அகலம் கொஞ்சம் மாறியிருந்தது. "மிஷின்ல வெட்டுனா எல்லாம் ஒண்ணு போல இருக்கும் தாயி. இது உளி வேலை" என்றார். அப்புறம் பின்பக்கம் போய் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் மட்டும் சத்தம் பொத்தென்று விழுந்தது. அடியில் பார்த்தால் சலித்த மாவு போல மஞ்சள் தூள். வண்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "வெள்ளையைத்தான் திங்கும். வைரத்தைத் தொடாது" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் காபி குடித்தார்.

தேக்கின் நடுமரத்தைத்தான் வைரம் என்கிறார்கள். அதில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசை பூச்சியைக் கிட்டே விடாது. சுற்றி இருக்கும் வெளிறிய மரத்துக்கு அந்தக் காவல் இல்லை. பீரோ செய்த அந்தக் காலத்து ஆள், சுவரைப் பார்த்து நிற்கப்போகிற பலகைதானே என்று பின்னால் வெள்ளை மரத்தைப் போட்டிருக்கிறார். அந்தப் பலகையை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் கால்களையும் நிலைச்சட்டங்களையும் இதே போலத் தட்டிப் பாருங்கள். அவை கெட்டியாக இருந்தால் பழுது பார்ப்பதுதான் லாபம். கால்களே பொத்தலாகியிருந்தால் எந்தப் பாலிஷும் அதைத் தாங்காது. நல்ல பலகைகளை மட்டும் எடுத்து அலமாரித் தட்டாகவோ பெஞ்சாகவோ மாற்றுவதே வழி.

இனி பெயின்ட். அக்கா காட்டிய படங்களில் இருந்தது சாக் பெயின்ட். ஆனி ஸ்லோன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி 1990-ல் கொண்டுவந்தது. உப்புத்தாள் போடாமலே மரத்தில் பிடிக்கும், சுண்ணாம்பு அடித்த சுவர் போல மினுமினுப்பில்லாமல் காயும். காய்ந்த பிறகு ஓரங்களைத் தேய்த்து அடிமரத்தைக் கொஞ்சம் காட்டுவார்கள். வெயில் குறைந்த ஊரில், மலிவான பைன் மரச் சாமானுக்கு அது அழகுதான். தேக்கின் மேல் அதை அடிப்பது பட்டுப் புடவைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டுவது போல. பிடிக்காமல் போய்ச் சுரண்ட நினைத்தால், ரேகைக்குள் இறங்கிய வெள்ளையை எடுக்க பாலிஷைவிட இரண்டு பங்கு கூலி கேட்கிறார்கள். ஆனால் பிளைவுட் அலமாரி, நாட்டு மர மேசை, ஏற்கெனவே யாரோ பச்சை பெயின்ட் அடித்துவிட்ட ஸ்டூல், இதற்கெல்லாம் தாராளமாக அடிக்கலாம். என் மகளின் படிப்பு மேசைக்கு நானே அடித்தேன். ஒன்றே ஒன்று கவனம். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டாய வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் அடித்த பெயின்டில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கலாம், இல்லை வெளியே கொடுத்து எடுக்கலாம்.

பாலிஷ் என்று முடிவானதும் அடுத்த கேள்வி: அரக்கா, பியு-வா (பாலியூரித்தேன்)? பழைய பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தால் மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டே வருவது. கையும் நேரமும் பிடிக்கும் வேலை. அதற்கு ஆகாதவை சூடும் ஈரமும். சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஆனால் கீறல் விழுந்த இடத்தில் மறுபடி பூசினால் புது அரக்கு பழையதைக் கரைத்து அதோடு சேர்ந்துகொள்ளும். பியு பாலிஷ் கெட்டி. தண்ணீருக்கும் சூட்டுக்கும் சட்டென்று அசையாது, ஆனால் ஆழமாகக் கீறிவிட்டால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, முழுப் பலகையையும் இழைக்க வேண்டும். போதாக்குறைக்குக் கண்ணாடித் தாள் ஒட்டினது போல ஒரு பளபளப்பு. சாப்பாட்டு மேசைக்கு பியு, பீரோவுக்கு அரக்கு என்று நான் பிரித்துக்கொண்டேன். பீரோ மேல் யாரும் காபி வைக்கப் போவதில்லை.

பின்பலகை, கீல், பாலிஷ், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 17,000 ரூபாய் ஆனது. லிஃப்ட் பிரச்சினை ஆசாரிக்குப் பிரச்சினையாகவே இல்லை. மேல்முடி, அடிப்பீடம், கதவு எல்லாம் தனித்தனி. ஆப்பைத் தட்டிக் கழற்றி மாடிக்கு ஏற்றி, அதே ஆப்பைத் தட்டி நிறுத்திவிட்டார்.

புதுசு பக்கமும் போய்ப் பார்த்தேன், வீட்டுக்காரர் பேச்சைத் தட்டக் கூடாதே. ஷோரூம்களில் "ஆன்டிக் ஃபினிஷ்" என்று நிற்பவற்றில் பல ராஜஸ்தானத்து ஜோத்பூரில் செய்து வருபவை, மாமரத்திலும் சீஷம் மரத்திலும். வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். எனக்குச் சொன்ன விலை 48,000. அந்த வறண்ட காற்றில் காய்ந்த மரம் நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கு வந்தால் உப்பும். மழைக்காலத்தில் கதவு பிடித்துக்கொள்ளும். சென்னையில் இருக்கும் அக்கா வீட்டு டிவி ஸ்டாண்டு ஐப்பசி வந்தால் திறக்காது. செயற்கையாகப் பழசாக்கியதைக் கண்டுபிடிப்பதும் எளிது. நிஜப் பழசில் கை படும் இடம்தான் தேய்ந்திருக்கும், கைப்பிடியைச் சுற்றி, இழுப்பறையின் கீழ் விளிம்பில். புதுப் பழசில் யாரும் தொடாத மூலைகூட ஒரே அளவாகத் தேய்ந்திருக்கும்.

ஆனால் கட்டில் என்றால் நான் வீட்டுக்காரர் கட்சி. பழைய கட்டில்களின் அளவு இன்றைய மெத்தைக்கு ஒத்துவராது. குவீன் மெத்தை 60-க்கு 78 அங்குலம். அப்பத்தா வீட்டுக் கட்டில் 48-க்கு 72. அதைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார், இப்போது கால் வெளியே நீட்டித் தூங்குகிறார். கடைந்த கால் வைத்த பழைய பாணிக் கட்டில் வேண்டுமென்றால் உங்கள் மெத்தையை அளந்து புதிதாகச் செய்யச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டில் பழசு எதுவும் இல்லாமல் புதிதாகத் தேடுபவர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவும், சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும் தெரிந்த இடங்கள்தான். இடித்த வீடுகளின் தூண், கதவு, ஜன்னல், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் பாத்திரம் என்று காரைக்குடியில் ஒரு நாள் போதாது. பழைய கதவை மேசையாக்குவது இப்போது பெரிய மோஸ்தர். வீடு ஏற்கெனவே இடிந்து, கதவு தெருவுக்கு வந்துவிட்டது என்றால் அது மேசையாவதில் எனக்கு வருத்தமில்லை. பித்தளைக் குமிழ் புடைத்த கதவின் மேல் கண்ணாடி போடாமல் தோசைத் தட்டு நிற்காது, அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பலாம் என்று வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனி ஆள் ஏற்றுமதி செய்ய முடியாது. செதுக்கு வேலைப்பாடு உள்ள கதவோ தூணோ அந்தக் கணக்கில் வரலாம்.

பட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்த தப்பு அங்கேதான்.

ஒன்பது கெஜம், அரக்கில் பச்சைக் கரை. அப்பாவுக்குக் காது குத்தியபோது எடுத்ததாம், அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. ஜரிகை ஓரத்தில் லேசாக நகத்தால் சுரண்டினேன், உள்ளே சிவப்பு நூல் தெரிந்தது. அசல் ஜரிகையின் கணக்கு அப்படி: நடுவில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு இழை, அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். வெளுத்த நூலோ பாலியஸ்டரோ தெரிந்தால் அது வேறு ரகம். சந்தோஷத்தில், கறுத்துப்போன ஜரிகை பளிச்சென்று ஆகட்டும் என்று ஒரு கடையில் ரோல் பாலிஷுக்குக் கொடுத்துவிட்டேன். புடவையின் வயதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரோலர் இழுத்த இழுப்பில், பல வருஷம் மடிந்தே கிடந்த கோட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து வந்தது. கொஞ்சம் கிழிசலாகவும் அதைச் சுற்றி உதிரலாகவும், வெயிலில் காய்ந்த வாழைச் சருகு மாதிரி. நல்லவேளை, கிழிந்தது முந்திப் பக்கமில்லை, உள்ளே சொருகும் பக்கம்.

இந்த இடத்திலிருந்துதான் ஒப்பீடு நிஜமாக ஆரம்பித்தது. வீதியில் "பழைய பட்டு வாங்குறோம்" என்று குரல் கொடுத்துப் போகிறவர் அன்று மாலையே விலை சொன்னார். அவர்களுக்கு வேண்டியது ஜரிகையிலுள்ள வெள்ளி. புடவையை எரித்து உருக்கித்தான் எடுப்பார்கள். வெள்ளி விற்கும் விலையில் சொன்ன தொகை மோசமில்லை. சோற்றுக்கு இல்லாத வீட்டில் விற்றால் நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

டார்னிங் செய்யலாமா என்று கேட்டேன். பூச்சி அரித்த ஓட்டை, ஆணியில் மாட்டிய கிழிசல் என்றால் பக்கத்துத் துணி பலமாக இருக்கும், இழையோட்டிவிடலாம். மடிப்பில் இற்ற துணியில் ஊசி குத்திய இடமெல்லாம் புதுக் கிழிசல் ஆகும். அப்புறம் ஒரு வழி, கரையையும் முந்தியையும் வெட்டி எடுத்துப் புதுப் பட்டில் வைத்துத் தைப்பது. உடல் முழுக்க இற்று, ஜரிகை மட்டும் நன்றாக இருக்கும் புடவைக்கு இது நல்ல வைத்தியம். எனக்குக் கேட்ட செலவு புதுத் துணி உட்பட 9,000. ஆனால் கோர்வை போய்விடும். காஞ்சிபுரத்தில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் மூன்று நாடா ஓட்டிக் கோத்து நெய்திருப்பார்கள். அந்தச் சேர்மானம்தான் அந்தப் புடவையின் அழகு, அது தையல் கோடாக மாறிவிடும்.

பழைய டிசைனில் புதிதாக நெய்து வாங்குவதும் உண்டு. மயில்கண், ருத்ராட்சம், வைர ஊசி, மல்லிமொக்கு எல்லாம் இப்போது மறுபடி தறிக்கு வந்திருக்கின்றன. அகலக் கரையை "கலாக்ஷேத்ரா புடவை" என்று கடையில் கேட்கிறோமே, அதுவே ஒரு காலத்து மறுபிறப்புதான். ருக்மிணி தேவி தம் நிறுவனத்தில் நெசவுக் கூடமும் வைத்துப் பழைய கரைகளைத் திரும்ப நெய்ய வைத்தார். புதுசின் லாபம் பெரிது: தைரியமாகக் கட்டலாம், வியர்க்கலாம், பந்தியில் உட்காரலாம். வாங்கும்போது சில்க் மார்க் சீட்டு இருக்கிறதே என்று முழுதாக நம்பிவிடாதீர்கள். அது துணி அசல் பட்டு என்பதற்குத்தான் சாட்சி, ஜரிகையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒன்பது கெஜம். மொத்தம் எட்டேகால் மீட்டர். இன்றைய ஆறு கெஜக் கட்டுக்கு ஐந்தரை மீட்டர் போதும். கிழிந்த உள்பக்கத்திலிருந்து இரண்டே முக்கால் மீட்டரை வெட்டினால், முந்தியோடு முழுசாக ஒரு ஆறு கெஜப் புடவை நிற்கிறது. வெட்டிய துணியில் கிழிசலை ஒதுக்கிவிட்டு மகளுக்குப் பாவாடை வந்தது. அத்தை சொன்னதும் நடந்தது, புடவையும் போகவில்லை. பழைய பட்டைக் குர்தா, லெஹங்கா, தலையணை உறை என்று வெட்டக் கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: முந்தியைக் கடைசியாக வெட்டுங்கள். தலையணை உறை எனக்கு அறவே பிடிக்காது. எண்ணெய்த் தலையும் வியர்வையும் படும் இடத்தில் பட்டுக்கு என்ன வேலை?

கட்டும் விதத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. பழைய புடவைக்கு அதே காலத்து பஃப் கை ரவிக்கை, அட்டிகை, ஒற்றைப் பின்னல், கனகாம்பரம் என்று தலையோடு கால் போனால் பள்ளி ஆண்டுவிழா நாடகம் மாதிரி ஆகிவிடுகிறது. அக்கா ஒருமுறை அப்படிப் போய், மண்டபத்தில் எல்லாரும் அவளையே போட்டோ எடுத்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது, அது வேறு கதை. நான் புடவை மட்டும் பழசு, ரவிக்கை முழங்கை வரை கறுப்புப் பருத்தி, காதில் சின்ன ஜிமிக்கி என்று நிறுத்திக்கொண்டேன். அப்பத்தாவின் ரவிக்கை கூடவே வந்தது, அதைப் போடும் நிலையில் இல்லை. வியர்வையில் அக்குள்தான் முதலில் இற்றுப்போகும். பஃப் கை பிடித்தால் பழைய ரவிக்கையை மாதிரிக்குக் கொடுத்துப் புதுத் துணியில் தைக்கச் சொல்லுங்கள். கையின் சுருக்கத்தை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வார்கள்.

பீரோவும் புடவையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருத்தம் என்பது, பீரோ ஏறி நின்ற பிறகுதான் தெரிந்தது. உள்ளே ஆழம் 18 அங்குலம். இன்றைய ஹேங்கர் மாட்ட 22 ஆவது வேண்டும், கதவு சாத்தாது. முதல் நாள் எரிச்சலாக இருந்தது. பட்டை ஹேங்கரில் தொங்கவிடவே கூடாது, ஜரிகைக் கனம் துணியை இழுக்கும் என்று புடவைக்காரர் சொன்ன பிறகு, அந்த பீரோ எதற்காகச் செய்ததென்று விளங்கியது. இப்போது நடுத்தட்டில் வெள்ளை மல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுகிறேன். நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக் கூடாது என்பதால் அதற்குப் பதில் நாலு கிராம்பும் வேப்பிலைப் பொட்டலமும்.

சாய்வு நாற்காலி மட்டும் பாக்கி. பிரம்பு பின்ன ஆள் கிடைக்கிறார், 2,400 கேட்கிறார். பிளாஸ்டிக் பிரம்பு பாதி விலை, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, முதுகுதான் வேர்க்கும். அக்கா பிளாஸ்டிக் என்கிறாள், நான் பிரம்பு என்கிறேன். இதற்கிடையில் அப்பா ஒரு பழைய போர்வையை நாலாக மடித்துச் சட்டத்தில் கட்டி, தினமும் மத்தியானம் அதில்தான் படுத்துக்கொண்டிருக்கிறார்.